கூரைக்குக் கீழா, வானத்துக்குக் கீழா?
ஊர் விளையாட்டுத் திடலை அமைக்குமுன் சிந்திக்கவேண்டியவை

சிறையிருப்பிலிருந்து மீண்டுவந்த மக்களுக்கு எருசலேமின் வருங்காலத்தை எடுத்துரைத்த சகரியா தீர்க்கதரிசி, அவர்களுக்கு இரண்டு காட்சிகளைக் காட்டினார். ஒன்று, கோலூன்றிய முதியவர்கள் அச்சமின்றி வீதியில் அமர்ந்திருப்பது. மற்றையது, ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அதே வீதிகளில் விளையாடுவது. இடம்பெயர்ந்த ஊர் மீண்டும் ஊராகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சிறந்த அடையாளம் வேறில்லை.

1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதிலுமிருந்து நடந்தவர்களும் இந்தக் காட்சியின் அருமையை அறிவார்கள். முகாமில் பிறந்து, முகாமின் குறுக்கு ஒழுங்கைகளில் பந்தடித்து வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது. வேறு காணிகளும் துண்டு துண்டாகக் கைக்கு வந்தன. எனினும், பிறந்த மண்ணை இன்னும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் குடும்பங்களும் உள்ளன.

மீளக் குடியேறிய இடங்களில் வீடு, கிணறு, மலசலகூடம், பாடசாலை, ஆலயம் என்று வேலைகள் ஓரளவு நடந்தபின் இளைஞர்கள் கேட்பது விளையாட ஓர் இடம். இப்போது பலரும் கேட்பது உள்ளக விளையாட்டரங்கு, அதாவது கூரையும் சுவரும் உள்ள மண்டபம். பெரியவர்களோ, “நாங்கள் வெட்டையில்தானே விளையாடினோம், இவர்களுக்கு ஏன் மண்டபம்?” என்கிறார்கள். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. கிடைக்கும் உதவிப் பணம் ஒருமுறைதான் கிடைக்கும் என்பதால், முடிவெடுக்குமுன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது அவசியம். அந்தக் கணக்குக்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர்நாட்டில் பிறந்த ஆட்டங்கள்

கூடைப்பந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் எனும் வை.எம்.சீ.ஏ. இயக்கத்தில் பிறந்தவை. 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். 1895 இல், அதற்கு அண்மையிலுள்ள ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் கரப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அங்கே மாரிகாலத்தில் வெளியே பனி கொட்டும். மைதானத்தில் நிற்க முடியாது. ஆகவே மண்டபத்துக்குள் ஆடக்கூடிய ஆட்டங்கள் தேவைப்பட்டன. கூரை அங்கே பனிக்கான மருந்தாக இருந்தது.

1916 இல் கொழும்பு வை.எம்.சீ.ஏ. யின் உடற்பயிற்சிப் பணிப்பாளராக இருந்த வோல்டர் கமக் என்பவர் கரப்பந்தாட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தார். இங்கு வந்ததும் அந்த ஆட்டம் மண்டபத்தை விட்டு வெளியே இறங்கியது. இரண்டு கப்பும் ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் போதும் என்றாயிற்று. வயல்வெட்டையிலும் கடற்கரையிலும் பாடசாலை முற்றத்திலும் அது வளர்ந்தது. 1991 இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. ஆவரங்கால், புத்தூர்ப் பக்கங்களில் இந்த ஆட்டத்தின்மேல் உள்ள பற்றை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ‘ஓவர் கேம்’ என்று நாம் ஆடும் முறையும் திறந்த வெட்டைகளில் வளர்ந்ததே.

காற்றுக்கும் நம்மவர்கள் வழி கண்டார்கள். இறகுப் பந்து காற்றில் அலைவதால் பட்மின்ரனை வெளியே ஆடுவது கடினம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இறகுப் பந்துக்குப் பதிலாகக் கம்பளி நூற்பந்தால் ஆடும் ஆட்டம் வளர்ந்தது. பந்தை மாற்றினார்களே தவிரக் கூரை போடவில்லை. நமக்கும் முதற்பாடம் இதுவே: கூரையைப் பற்றிப் பேசுமுன், எந்தத் தடையை நீக்குவதற்காகக் கூரை வேண்டும் என்று கேட்கவேண்டும்.

முதலில் காணி

திடலைப் பற்றிய எந்தப் பேச்சும் காணியிலிருந்துதான் தொடங்கவேண்டும். இடம்பெயர்ந்து பிறர் காணியில் இருக்கும் குடும்பங்கள் அங்கே சீமெந்து கொட்டக்கூடாது. காணிக்காரர் இன்று மனமிரங்கி வாய்ச்சொல்லால் இடம் தரலாம். நாளை அவருடைய மகளுக்குச் சீதனம் கொடுக்கும்போது அந்தச் சீமெந்துத் தளம் வழக்காகிவிடும். அத்தகைய இடத்தில் மண் திடலும், கழற்றிக்கொண்டு போகக்கூடிய கப்புகளுமே தகுந்தவை. ஊர் திரும்பும் நாளில் வலையையும் கப்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். கூரையை ஏற்ற முடியாது.

சொந்த ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் காணிச் சிக்கல் உண்டு. வேலிகளும் எல்லைக் கற்களும் அழிந்து, பற்றை மூடிக் கிடந்த நிலங்களில் எந்த வெட்டை யாருடையது என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. “ஒருவரும் இல்லாத காணி” என்று நாம் நினைக்கும் இடத்தின் சொந்தக்காரர் கனடாவிலோ, வன்னியில் உறவினர் வீட்டிலோ இருக்கலாம். உறுதியைப் பார்த்து, தேவையானால் நில அளவையாளரைக்கொண்டு எல்லை பிடித்து, கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்தபின்னரே மண்வெட்டியை எடுக்கவேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். விடுவிக்கப்பட்ட காணி என்பதும் மிதிவெடி அகற்றப்பட்ட காணி என்பதும் ஒன்றல்ல. அகற்றப்பட்டது என்ற உறுதிப்பாட்டை அதிகாரிகளிடமிருந்து எழுத்தில் பெறாமல் பற்றை வெட்டவோ, நிலத்தைக் கிண்டி மட்டப்படுத்தவோ கூடாது. அடுத்தது, பாழ்கிணறு. கட்டு இடிந்து, செடிகொடி மூடிய கிணறுகள் நீண்டகாலம் ஆளில்லாதிருந்த ஊர்களில் உண்டு. பந்தை எடுக்க ஓடும் பிள்ளைக்கு அது தெரியாது. அந்த ஊரில் வாழ்ந்த முதியவர் ஒருவரை அழைத்துச்சென்று, எங்கெங்கே கிணறு இருந்தது என்று கேட்டு, திடலைச் சூழவுள்ள கிணறுகளுக்கு முதலில் கட்டுக் கட்டவேண்டும்.

நல்ல செம்மண் தோட்டக் காணியைத் திடலுக்கு எடுக்கவேண்டாம் என்பதும் எமது கருத்து. வெங்காயமும் மரவள்ளியும் விளையும் மண்ணை மூடிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. கற்பாங்கான, பயிருக்கு உதவாத பொதுக் காணி எல்லா ஊரிலும் சிறிதளவேனும் இருக்கும்.

மரங்களையும் கணக்கில் எடுக்கவேண்டும். யாழ்ப்பாணம் பழைய பூங்காவில் நிற்கும் மரங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீண்டகாலம் அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுபவை. 2025 இல் அங்கே உள்ளக விளையாட்டரங்கு ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, மரங்களைக் கருதிப் பலர் எதிர்த்தனர். விடயம் நீதிமன்றம் வரை சென்றது. விளையாட்டை விரும்புவோரும் மரத்தை விரும்புவோரும் ஒரே ஊரவர்கள்தான். சிறிய ஊரில் அப்படியொரு பிணக்கு வந்தால் ஆறுவதற்கு நாளெடுக்கும். ஆகவே அடிக்கல்லுக்கு முன்பே எல்லோரையும் கூட்டிப் பேசிவிடுவது நல்லது.

எவ்வளவு இடம் வேண்டும்?

கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்டது. சுற்றிலும் குறைந்தது 3 மீற்றர் வெற்றிடம் வேண்டும். எல்லாம் சேர்த்து 24 மீற்றருக்கு 15 மீற்றர், அதாவது ஏறத்தாழ 79 அடிக்கு 49 அடி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற நமது தோட்டக்காணிக் கணக்கில் இது ஏறக்குறைய ஒன்றரைப் பரப்பு.

வலைப்பந்தாட்டத் திடல் 100 அடிக்கு 50 அடி. சுற்றிலும் பத்தடி விட்டால் 120 அடிக்கு 70 அடி, அதாவது மூன்று பரப்புக்குச் சற்றுக் கூட. இந்த மூன்று பரப்புக்குள் கரப்பந்தாட்டக் கோட்டையும் வேறு நிறத்தில் போட்டுவிடலாம். வலைப்பந்தாட்டத்துக்கு நடுவில் வலை இல்லை என்பதால், கரப்பந்தாட்டக் கப்புகள் கழற்றக்கூடியவையாக இருந்தால் ஒரே திடலில் இரண்டும் நடக்கும்.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஊர்த் திடல் என்று தொடங்கி இளைஞர்களின் திடலாக மட்டும் முடிந்த இடங்கள் பல. புன்னாலைக்கட்டுவன் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 2009 இலும் 2018 இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடியவர். குடாநாட்டின் சிற்றூரொன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போகமுடியுமென்றால், மூன்று பரப்புக் காணியில் பாதி நேரத்தைப் பெண்பிள்ளைகளுக்கு ஒதுக்குவது பெரிய காரியமல்ல.

வெயில், மழை, காற்று, இருள்

வெளியே ஆடுவதற்குத் தடையாக இருப்பவை இந்த நான்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

வெயில்: சித்திரை மாத நடுப்பகுதியிலும் ஆவணி மாதத்திலும் நண்பகற் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பின்னும் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னும் வெளியே ஆடுவது உடலுக்கு நல்லதல்ல. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகள் பாடசாலையிலும் பெரியவர்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள். ஆகவே வெயில் நாம் நினைப்பதிலும் குறைந்த நேரத்தையே எடுத்துக்கொள்கிறது. மாலைச் சூரியன் கண்ணில் அடிப்பதுதான் உண்மையான தொல்லை. திடலின் நீளப்பக்கத்தை வடக்குத் தெற்காக அமைத்தால் எந்த அணியும் சூரியனை நேரே பார்த்து ஆடவேண்டி வராது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் கிழக்கு மேற்காக அமைத்துவிட்டால் பிறகு திருத்த முடியாது.

மழை: குடாநாட்டின் ஆண்டு மழை சராசரியாக 1,200 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். இதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாரியில் பெய்துவிடுகிறது. காலபோக விதைப்பும் களையெடுப்பும் அந்தக் காலத்திலேயே வருவதால் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளையாட நேரமும் குறைவு. மழையால் இழப்பது ஆண்டில் ஏறக்குறைய மூன்று மாதம். அதுவும் எல்லா நாளும் அல்ல. திடலில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால், மழை விட்ட மறுநாளே மண் இறுகி ஆடக்கூடியதாகிவிடும்.

காற்று: வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசுகிறது. கரப்பந்து, வலைப்பந்து, கூடைப்பந்து ஆகியவை இதைத் தாங்கும். கரப்பந்தாட்டத்தில் ஒவ்வொரு சுற்று முடிவிலும், இறுதிச் சுற்றில் 8 புள்ளி எடுத்ததும் அணிகள் பக்கம் மாறுகின்றன. ஆகவே காற்றின் நயமும் நட்டமும் இருவருக்கும் பொது. காற்றை முறிக்கும் வழி நமது கமக்காரருக்குப் புதிதல்ல. வாழைத் தோட்டத்துக்குச் செய்வதையே திடலுக்கும் செய்யலாம். காற்றுத்தடை வேலி தன் உயரத்தின் ஏறத்தாழப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். பன்னிரண்டு அடி உயரப் பூவரசு வேலி 120 அடி வரை உதவும். மதிலைவிட, காற்றில் ஒரு பகுதியை ஊடேவிடும் உயிர்வேலியே நல்லது. மதில் காற்றைத் தூக்கி அப்பால் சுழன்று விழச்செய்யும். தெற்கிலும் மேற்கிலும் பூவரசு, வேம்பு நாட்டினால், காற்று முறிவதோடு நாலரை மணி நிழலும் கிடைக்கும். வெற்றிடத்துக்கு வெளியே நன்றாகத் தள்ளி நடவேண்டும்; வேர் திடலுக்குள் வரக்கூடாது.

இருள்: இதைப்பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். நமது நாட்டில் ஆண்டின் எந்தப் பருவத்திலும் மாலை ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, மாட்டைக் கட்டிவிட்டு, கைகால் கழுவி வரும் இளைஞனுக்கு ஐந்து மணியாகிவிடும். அவனுக்கு எஞ்சுவது ஒரு மணித்தியாலம். மழை எடுப்பது சில வாரங்கள். இருள் எடுப்பதோ ஆண்டின் ஒவ்வொரு நாளும். கூரை இதற்கு உதவாது. கூரைக்குக் கீழ் இன்னும் முந்தியே இருண்டுவிடும். நான்கு மூலையில் நான்கு கம்பம் நாட்டி விளக்கு மாட்டினால், ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கூடக் கிடைக்கும். விளையாடும் நேரத்தைக் கூட்டுவதுதான் நோக்கமென்றால், முதல் ரூபாய் விளக்குக்கே போகவேண்டும்.

கூரை என்ன கேட்கிறது?

கரப்பந்தாட்டத்துக்கு நிலத்திலிருந்து குறைந்தது 7 மீற்றர், அதாவது 23 அடி உயரத்துக்கு எந்தத் தடையும் இருக்கக்கூடாது. சர்வதேசப் போட்டிக்கு 12.5 மீற்றர் வேண்டும். குறுக்காக 15 மீற்றருக்கு இடையில் தூண் வரக்கூடாது. நமது ஊர் மண்டபங்களின் உயரம் பன்னிரண்டு அடி, பதினான்கு அடி. அவற்றையே சற்றுப் பெரிதாக்கினால் விளையாட்டரங்கு ஆகிவிடும் என்று எண்ணுவது தவறு. மேலே எழும் ஒவ்வொரு பந்தும் தீராந்தியில் அடித்து விழும். பிள்ளைகள் மனம் சலித்து மீண்டும் வெட்டைக்கே போவார்கள். மண்டபம் கதிரை அடுக்கும் இடமாகும். அப்படிப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அவ்வளவு அகலமும் உயரமும் உள்ள கூரைக்கு இரும்புச் சட்டம் வேண்டும். அதைப் பொறியியலாளர் ஒருவரே வரையவேண்டும். 2008 நவம்பரில் நிஷாவும் 2020 டிசம்பரில் புரவியும் வந்துபோனதை மறக்கலாகாது. தகரக் கூரையைப் புயல் மேலிருந்து அழுத்துவதைவிடக் கீழிருந்து தூக்குவதே அதிகம். ஆகவே கூரையைத் தூணோடும், தூணை அத்திவாரத்தோடும் பிணைக்கும் வேலையில் சிக்கனம் பார்க்கக்கூடாது. பழைய அஸ்பெஸ்ரஸ் தகடுகளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வெட்டித் துளைப்பதும் கூடாது. அந்தத் தூசு சுவாசப்பைக்குக் கேடு.

தளத்தையும் கணக்கிடுவோம். 24 மீற்றருக்கு 15 மீற்றர் இடத்தில் நான்கு அங்குலக் கொங்கிறீற் போட 36 கனமீற்றர் கலவை வேண்டும். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் இது சுமார் 230 பை சீமெந்து. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப்பின் சீமெந்தும் இரும்பும் விற்கும் விலை எல்லோரும் அறிந்ததே. ஆகவே பழைய மதிப்பீட்டை நம்பாமல் அன்றன்றைய விலையில் மூன்று இடத்தில் கேட்டு எழுதி வாங்கவேண்டும்.

நீரையும் மறக்கக்கூடாது. ஆறில்லாத நமது குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரே கிணற்று நீர். 360 சதுர மீற்றர் கூரையில் ஓராண்டில் விழும் மழை நான்கு இலட்சம் லீற்றருக்கு மேல். அதைப் பீலி வைத்துத் தொட்டியிலோ, நிலத்துக்குள் இறங்கும் குழியிலோ சேர்த்தால் அது வரம். அப்படியே அயலவரின் வளவுக்குள் விட்டால் அது சண்டை.

இவ்வளவும் சொன்னது கூரையே வேண்டாம் என்பதற்காக அல்ல. நான்கைந்து ஊர்கள் ஒன்றுசேர்ந்து, உறுதியுள்ள பொதுக் காணியில், மாவட்டப் போட்டிகளும் நடத்தத்தக்கதாகக் கட்டுவதென்றால் உள்ளரங்கு தகும். பட்மின்ரனை முறையாகப் பழக்குவதற்கும் அது வேண்டும். 2019 இல் உலகப் பட்மின்ரன் சம்மேளனம் காற்றைத் தாங்கும் பந்தோடு வெளியே ஆடும் முறையொன்றை அறிமுகப்படுத்தியபோதிலும், போட்டி ஆட்டம் இன்றும் மண்டபத்துக்குள்ளேயே நடக்கிறது.

இடைவழியும் ஒன்றுண்டு. சுவரில்லாமல் தூண்மேல் கூரை மட்டும் போடுவது. காற்றோட்டம் இருக்கும், வெயிலும் மழையும் தடுபடும், செலவும் குறையும். ஆனால் புயல் நாளில் ஒதுங்க அது உதவாது. அதற்கென்று ஒரு பக்கத்தில் சுவருள்ள அறைகள் வேண்டும்.

மண் திடலை அமைக்கும் முறை

1. நிலத்தை மட்டப்படுத்தி, கல்லும் வேரும் பொறுக்கி, கிரவலும் செம்மண்ணும் கலந்து பரப்பி, நீர் தெளித்து உருளையால் இறுக்கவேண்டும். ஒருநாளில் முடிக்காமல் இரண்டு மூன்று படையாக இறுக்கினால் நீடிக்கும்.

2. நீர் வடிய ஒரு பக்கத்துக்குச் சரிவு வேண்டும். வெளித்திடலுக்கு மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சரிவை விதிகள் அனுமதிக்கின்றன. 15 மீற்றர் அகலத்துக்கு இது மூன்று அங்குலம். தாழ்ந்த பக்கத்தில் வாய்க்கால் வெட்டி, நீரை மரத்தடிக்கு விடலாம்.

3. கப்புகளைப் பக்கக் கோட்டிலிருந்து அரை மீற்றருக்கும் ஒரு மீற்றருக்கும் இடையில் வெளியே நிறுத்தவேண்டும். நிலத்தில் சற்றுப் பெரிய குழாயைக் கொங்கிறீற்றில் புதைத்து, அதற்குள் கப்புக் குழாயை இறக்கினால் கழற்றலாம். கப்பைக் கம்பி கட்டி இழுப்பதை விதிகள் தடைசெய்கின்றன. மாலை மங்கலில் அந்தக் கம்பி கழுத்தை அறுக்கும்.

4. வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். கப்பில் இரண்டு கொளுக்கிகள் வைத்துவிட்டால் மாற்றிக் கட்டலாம்.

5. கோடுகள் இரண்டு அங்குல அகலத்தில் சுண்ணாம்பால் போடவேண்டும். செங்கல்லோ மரச்சட்டமோ பதிப்பது காலை முறிக்கும். விதிகளும் அதற்கு இடந்தருவதில்லை.

கரையோர ஊரவர்கள் கடற்கரைக் கரப்பந்தாட்டத்தைக் கடற்கரையிலேயே ஆடட்டும். உள்ளூரில் அதற்கென மணல் கொட்டுவதானால், 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கியூப் மணல் வேண்டும். மணல் மேடுகள் குறைந்துவரும் இக்காலத்தில் அது தகாத செலவு.

உள்ளே ஆடவேண்டியவர்கள்

போரில் காலிழந்தவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்கள் மண்ணில் இருந்து ஆடமுடியாது. வழவழப்பான தளம் வேண்டும். அமர்ந்து ஆடும் கரப்பந்தாட்டத்தின் திடல் 10 மீற்றருக்கு 6 மீற்றர்தான். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05 மீற்றர். முறையான போட்டிக்குச் சுற்றிலும் வெற்றிடம் தேவை என்றாலும், பழகுவதற்கு ஆலய மண்டபமோ சனசமூக நிலையமோ போதும். மேசைப்பந்து, கரம், சதுரங்கம் ஆகியவற்றுக்கும் இருக்கும் மண்டபமே போதும். மழை நாட்களில் எல்லோரும் அங்கே கூடலாம். ஆகவே ‘உள்ளரங்கு இல்லை’ என்று சொல்லுமுன், ஞாயிறு தவிர்ந்த நாட்களில் பூட்டிக் கிடக்கும் நமது மண்டபங்களின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்போம். திருச்சபையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.

யார் பார்த்துக்கொள்வது?

திடல் கட்டிய மூன்றாம் ஆண்டிலேயே அதன் தன்மை தெரியும். மண் திடலுக்கு மாதம் ஒரு சிரமதானம் வேண்டும். விளக்குக்கு மின்கட்டணம் வரும். கூரைக்குத் துரு, உடைந்த பீலி, களவு போகும் வயர் என்று செலவுக்கு முடிவில்லை. விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றிலிருந்து சமமாகச் சேர்ந்த ஒரு குழு இதைப் பொறுப்பேற்கட்டும். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரையும் அழைக்கட்டும். கட்டடமானால் பிரதேச சபையின் அனுமதியை முன்கூட்டியே பெறட்டும்.

நேர அட்டவணை ஒன்றை எழுதித் தொங்கவிடவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வெளிச்சம் உள்ள நேரம் கிடைக்கவேண்டும். இருட்டியபின் ஒதுக்கிவிட்டு “அவர்கள் வருவதில்லை” என்று சொல்லக்கூடாது. சீமெந்துத் தளம் போட்ட இடங்களில் மாசி மாதம் நெல் காயப்போடக் கேட்பார்கள். அதை மறுக்கவேண்டியதில்லை. காலையில் நெல், மாலையில் பந்து என்று எழுதிவைத்தால் பிணக்கில்லை.

எமது முடிவு

வரிசைப்படுத்திச் சொன்னால் இதுவே எமது ஆலோசனை. காணி நம்முடையதல்ல என்றால் மண் திடலும் கழற்றும் கப்பும். காணி பொதுக்காணி என்றால் வடக்குத் தெற்காக ஒரு நல்ல மண் திடல், அதைச் சுற்றி மரம், பிறகு விளக்கு. மழை நாளுக்கும் அமர்ந்து ஆடுபவர்களுக்கும் இருக்கும் மண்டபத்தைத் திறந்துவிடுதல். திடலில் ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து ஆட்டம் நடந்து, பராமரிப்புக் குழு கலையாமல் நின்று, அயலூர்களும் சேர்ந்து கேட்டால், அப்போது கூரையைப் பற்றிப் பேசலாம். திடல் நிறைந்து வழியும் ஊருக்குக் கூரை பயன்படும். ஆளில்லாத ஊருக்குக் கூரை ஆட்களைக் கொண்டுவராது.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமை நாம் அறிந்ததே. அத்திவாரத்தோடு நின்றுபோன கட்டடங்களைப் போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் நாம் போதுமானளவு பார்த்துவிட்டோம். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பாதிக் கட்டடம் வேண்டாம்.

முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆளில்லாதிருந்த ஒழுங்கையில், மாலை ஐந்து மணிக்குப் பந்து நிலத்தில் அடிபடும் ஓசை கேட்கட்டும். வேலியோரத்தில் கதிரை போட்டு முதியவர்கள் அமர்ந்திருக்கட்டும். இதற்கு இரண்டு கப்பும் ஒரு வலையும் போதும். அதை இந்தச் சோளகத்துக்கு முன்னரே நாம் தொடங்கிவிடலாம்.